பட்டன் போனில் கல்யாண வீடியோ ஓடுமா?

கைப்பேசிக் கேள்விகள்

ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் பதினெட்டு வருஷம் செல்போன் கடை வைத்திருந்தவன் நான். கடையை மூடிய பிறகும் பழைய போனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறவர்கள் நிற்கவில்லை. இந்த முறை வந்த கடிதங்களிலும் பாதிக்கு மேல் பட்டன் போன்தான். அதனால் புதுப் போன் வாங்குவது பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுக்க வேண்டும்.

கேள்வி: அண்ணே, எங்க அப்பா நாட்டுப்படகுல தொழிலுக்குப் போறவரு. நோக்கியா இ63 வச்சிருக்காரு. பட்டன்ல எழுத்தெல்லாம் அழிஞ்சு போச்சு, ஆனாலும் விட மாட்டேங்குறாரு. டச் போன் வாங்கிக் குடுத்தா ரெண்டே நாள்ல திருப்பித் தந்துட்டாரு. தை மாசம் எனக்குக் கல்யாணம் ஆச்சு, இப்ப திருப்பூர்ல இருக்கேன். என் கல்யாண வீடியோவை அவரு போன்லயே பாக்கணுமாம். ஸ்டுடியோவுல பென் டிரைவ்ல குடுத்ததை தம்பி மெமரி கார்டுல ஏத்திப் போட்டான். ஒரு ஃபைல்ல சத்தம் மட்டும் வருது, படம் கருப்பா இருக்கு. இன்னொண்ணு திறக்கவே இல்ல. கடைல கேட்டா "இதைத் தூக்கிக் கடல்ல போடுங்க"ன்னு சிரிக்கிறாங்க. வழி இருக்கா? — ஒரு வாசகி, தங்கச்சிமடம்

பதில்: கடலில் போட வேண்டாம் தங்கச்சி, அங்கே ஏற்கெனவே குப்பை போதும். வழி இருக்கிறது. உங்கள் தம்பிக்கு ஒரு சாயங்கால வேலை.

முதலில் அப்பா பக்க நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். இப்போதைய டச் திரை விரலின் அழுத்தத்தைப் பார்ப்பதில்லை, விரல் தொடும் இடத்தில் மின்னூட்டம் மாறுவதைத்தான் பார்க்கிறது. உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். திரையில் ஒரு துளி விழுந்தால் அதையும் அது இன்னொரு விரல் என்று நினைத்துக்கொள்ளும். வலை இழுத்துக் காய்ப்பு ஏறிய ஈரக் கையால் அதில் ஒரு நம்பர் போட்டுப் பார்த்தால்தான் அவர் ஏன் திருப்பிக் கொடுத்தார் என்று தெரியும். பட்டனுக்கு அந்தப் பேச்சே இல்லை, அழுத்தினால் அழுந்தும். எழுத்து அழிந்தால் என்ன, அவருக்கு இடம் மனப்பாடம்.

இனி வீடியோ. இ63 வெளிவந்தது 2008-இன் கடைசியில். அதன் திரை அகலவாக்கில் 320, உயரவாக்கில் 240 புள்ளி. மொத்தம் 76,800. உங்கள் ஸ்டுடியோக்காரர் கொடுத்தது அநேகமாக ஃபுல் எச்டி: 1920-க்கு 1080, அதாவது 20 லட்சத்து 73 ஆயிரத்துச் சொச்சம் புள்ளி. வகுத்துப் பாருங்கள், சரியாக 27 மடங்கு. விசைப்படகு நிறைய வந்த மீனை ஒரு சின்ன வத்தைப் படகில் கொட்டினால் என்ன ஆகும்? போன் கெட்டுப்போகவில்லை, சரக்குதான் அதிகம்.

அளவு மட்டும் காரணமில்லை. சத்தம் வந்து படம் கருப்பாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதில்தான் விஷயம் இருக்கிறது. எம்பி4 என்பது வெறும் டப்பா. அதற்குள் படம் ஒரு முறையில் மடித்து வைக்கப்பட்டிருக்கும், சத்தம் இன்னொரு முறையில். உங்கள் ஃபைலில் சத்தம் ஏஏசி, அது இ63-க்குத் தெரியும். படம் எச்.264, அதுவும் தெரியும், ஆனால் அதில் 'பேஸ்லைன்' என்கிற எளிய வகை மட்டும்தான் அதற்கு விரியும். இன்றைக்கு ஸ்டுடியோக்களில் போடுவது 'ஹை' என்கிற இறுக்கமான வகை. மடிப்பு புரியாததால் கருப்பு. திறக்கவே மாட்டாத இரண்டாவது ஃபைல் எச்.265-ஆக இருக்கலாம். அந்த வகை பிறப்பதற்கு முன்னாலேயே இந்தப் போன் பிறந்துவிட்டது.

ஆகவே தம்பி செய்ய வேண்டியது வீடியோவை அப்பாவின் போனுக்குத் தகுந்தாற்போல் மறுபடி மடித்துக் கொடுப்பது. கம்ப்யூட்டரில் ஹேண்ட்பிரேக் என்கிற இலவச மென்பொருளை இறக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். கல்யாண ஃபைலை அதில் திறந்து, அகலம் 320, உயரம் 176 என்று வைக்க வேண்டும். கணக்குப்படி 180 வரும், ஆனால் படத்தை 16 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்துத்தான் இந்த மடிப்பு நடக்கும். பழைய போன்களுக்கு 16-ஆல் வகுபடும் எண் கொடுத்தால் ஒத்துப்போகும். வீடியோ பகுதியில் எச்.264, புரோஃபைல் பேஸ்லைன், லெவல் 1.3. ஃபிரேம் ரேட்டை, அதாவது விநாடிக்கு எத்தனை படம் என்பதை, 15 என்று வைத்து 'கான்ஸ்டன்ட்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதை விட்டுவிட்டு வந்து என்னைத் திட்டியவர்கள் உண்டு. சராசரி பிட்ரேட் 340, சத்தம் ஏஏசி 64. இரண்டும் சேர்ந்து விநாடிக்கு 400 கிலோபிட்டுக்குப் பக்கம் வரும், அதாவது நிமிஷத்துக்கு 3 எம்பி. மூன்று மணி நேரக் கல்யாணம் மொத்தமும் 540 எம்பி சுற்றில் அடங்கிவிடும். பென் டிரைவில் எத்தனை ஜிபி இருந்தது என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆனால் மூன்று மணி நேரத்தையும் ஒரே ஃபைலாகப் போடாதீர்கள். அந்தப் போனில் நடுவில் ஓட்டிப் பார்ப்பது பெரும்பாடு. ஒரு போன் வந்து நின்றுபோனால் திரும்ப முதலிலிருந்து வரவேற்பு, பன்னீர் தெளிப்பு, சந்தனம் எல்லாம் பார்க்க வேண்டும். ஹேண்ட்பிரேக்கிலேயே 'ரேஞ்ச்' என்று ஒன்று இருக்கிறது, அதை விநாடிக் கணக்குக்கு மாற்றிப் பத்துப் பத்து நிமிஷமாக வெட்டலாம். கோயில் பூசை தனி, தாலி கட்டுவது தனி, சாப்பாட்டுப் பந்தி தனி. தாலி கட்டும் ஃபைலின் பெயருக்கு முன்னால் 01 என்று போட்டால் பட்டியலில் முதலில் நிற்கும். பெயரைத் தமிழில் வைக்க வேண்டாம், பல செட்டுகளில் பெட்டி பெட்டியாகத்தான் தெரியும். எண் போதும்.

முதலில் ஒரே ஒரு நிமிஷத்தை மட்டும் மாற்றி, போனில் போட்டுப் பார்த்துவிட்டு மற்றதைத் தொடங்கச் சொல்லுங்கள். அப்போதும் கருப்பாகவே இருந்தால் எச்.264-க்குப் பதில் 'எம்பெக்-4' என்று மாற்றி முயலலாம். அது இன்னும் பழைய மடிப்பு, இந்தப் போனுக்கு நன்றாகத் தெரிந்தது. படம் கொஞ்சம் கட்டம் கட்டமாகத் தெரியும், 2.36 அங்குலத் திரையில் அது கண்ணை உறுத்தாது.

கார்டைப் போடுவதற்கு முன் அதன் தங்க நிறப் பட்டைகளைப் பாருங்கள். கடற்கரைப் போன்களில் அங்கே ஒரு பச்சைக் களிம்பு படிந்திருக்கும். அழி ரப்பரால் மெதுவாக இரண்டு தேய்ப்பு, பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சு. எச்சில் தொட்டுத் துடைப்பதை உங்கள் ஊரிலேயே பார்த்திருக்கிறேன். எச்சிலிலும் உப்பு இருக்கிறது.

சத்தம் போதவில்லை என்று அப்பா சொல்வார். போனை ஒரு காலி எவர்சில்வர் சொம்புக்குள் சாய்த்து வையுங்கள், சத்தம் கூடிக் கேட்கும். படகில் சொம்பு இல்லாமலா இருக்கும்.

கேள்வி: நீங்கள் முன்பு எழுதியபடி படத்தை மாற்றி என் இ63-இல் போட்டேன். ஓடுகிறது, ஆனால் இழுக்கிறது. உதடு ஒரு பக்கம், வார்த்தை ஒரு பக்கம். நண்பர் ஒருவர் வேறு பிளேயர் போட்டால் சரியாகும் என்கிறார். போடப் போனால் 'சான்றிதழ் காலாவதி' என்று வருகிறது. — ஒரு வாசகர், தொண்டி

பதில்: ஃபிரேம் ரேட்டை 25-லேயே விட்டிருப்பீர்கள் என்பது என் ஊகம். 15-க்கு இறக்கி, 'கான்ஸ்டன்ட்' வைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் இழுத்தால் கார்டைச் சந்தேகப்படுங்கள்.

நண்பர் சொல்வது பழைய வித்தை. இ63 மாதிரி சிம்பியன் என்கிற பழைய இயங்குதளத்தில் ஓடும் போன்களில் எந்த மென்பொருளுக்கும் ஒரு சான்றிதழ் வேண்டும், அதற்குத் தேதி உண்டு. போனின் தேதியை 2009-க்குத் தள்ளி வைத்தால் அது ஏமாந்து உள்ளே விட்டுவிடும். கடையில் நானும் நூறு தடவை செய்திருக்கிறேன். ஒரு தடவை செய்துவிட்டுத் தேதியைத் திரும்ப வைக்க மறந்துவிட்டேன். அந்தப் போன்காரர் அடகு நகையைத் திருப்ப வேண்டிய நாளைப் போன் காலண்டரில் குறித்து வைத்திருந்தார். போன் 2009-லேயே உட்கார்ந்திருந்ததால் அந்த நாள் வரவே இல்லை. நகை போகவில்லை, ஆனால் கூடுதல் வட்டி கட்டினார். கட்டிய ரசீதைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். பாதி வட்டியை நான் கொடுத்தேன்.

அவ்வளவு பாடுபட்டுப் போட்டாலும் உள்ளே இருப்பது 369 மெகாஹெர்ட்ஸ் செயலி. எந்தப் பிளேயரும் ஃபுல் எச்டியை அதில் ஓட்டாது. முகவரி தெரியாத தளங்களில் இருந்து இறக்குவதால் வரும் தொல்லை வேறு. வீடியோவைச் சின்னதாக்குவதே சுலபம்.

கேள்வி: காக்கா, எங்க வாப்பா மவுத்தாகி ஆறு வருஷம் ஆகுது. அவங்க துபாய்ல இருந்தப்ப வச்சிருந்த பட்டன் போன் உடைஞ்சு போச்சு, மெமரி கார்டு மட்டும் உம்மாகிட்ட இருக்கு. அதுல 3ஜிபின்னு போட்டு பதினோரு வீடியோ. புதுப் போன்ல போட்டா படம் வருது, சத்தம் வரல. உம்மாவுக்கு வாப்பா பேசுறதைத்தான் கேக்கணும். — ஒரு வாசகி, கீழக்கரை

பதில்: சத்தம் உள்ளே இருக்கிறது, தைரியமாக இருங்கள்.

முதலில் இப்போது, இந்தப் பக்கத்தைப் படித்து முடிப்பதற்குள், அந்தக் கார்டைப் புதுப் போனிலிருந்து எடுத்துவிடுங்கள். புதுப் போன்கள் பழைய கார்டைப் பார்த்ததும் "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்கும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் யாராவது 'சரி' என்று அழுத்தினால் பதினொன்றும் போயிற்று. மைக்ரோ எஸ்டி கார்டை உள்ளே வைத்து கம்ப்யூட்டரில் போடும் பெரிய அடாப்டர் இருக்கிறதல்லவா, அதன் இடது ஓரத்தில் ஒரு குட்டி நெம்புகோல் இருக்கும். அதை 'லாக்' பக்கம் கீழே தள்ளிவிட்டு, கம்ப்யூட்டரில் செருகி, பதினோரு ஃபைலையும் நகல் எடுங்கள். ஒரு நகல் கம்ப்யூட்டரில், ஒன்று பென் டிரைவில், ஒன்று வெளியூரில் இருக்கும் உறவினரிடம். வருஷக்கணக்கில் மின்சாரமே படாமல் டப்பாவில் கிடக்கும் கார்டு ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் பேச்சை நிறுத்திக்கொள்ளும். இது நகல் எடுத்த பிறகு மெதுவாகக் கவலைப்பட வேண்டிய விஷயம், எடுக்கும் முன் அவசரம்.

நீங்கள் 3ஜிபி என்று எழுதியதைப் பார்த்து, பெரிய ஃபைல் என்று முதலில் நினைத்துவிட்டேன். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது. இது கொள்ளளவைச் சொல்லும் GB இல்லை, 3GP என்கிற ஃபைல் பெயரின் வால். அந்தக் காலத்துப் போன்கள் வீடியோவை அப்படித்தான் சேமித்தன. படம் 176-க்கு 144 புள்ளி, எச்.263 என்கிற முறை. சத்தத்துக்கு ஏஎம்ஆர் என்று ஒன்று. அது போனில் பேசுகிற குரலுக்காகவே செய்தது. ஒலியை விநாடிக்கு 8,000 முறை மட்டும் அளந்து எடுக்கும், அதிகபட்சம் விநாடிக்கு 12.2 கிலோபிட். பாட்டைப் பதிந்தால் தகரத்தில் ஆணி போட்ட மாதிரி இருக்கும், ஆனால் ஒரு மனுஷன் பேசுவதை அழகாகப் பிடித்து வைக்கும். உங்கள் புதுப் போனில் இருக்கும் பிளேயருக்கு இந்தப் பழைய சத்தம் தெரியவில்லை, அவ்வளவுதான்.

விஎல்சி பிளேயரை இறக்கிக்கொள்ளுங்கள், இலவசம். நகல் எடுத்த ஃபைலை அதில் திறந்தால் சத்தம் வர வேண்டும். உம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் ஹேண்ட்பிரேக்கில் எம்பி4 ஆக, சத்தத்தை ஏஏசி ஆக மாற்றி அனுப்புங்கள். படத்தின் அளவை 176-க்கு 144 என்றே விடுங்கள். பெரிதாக்கித் தருகிறேன், தெளிவாக்கித் தருகிறேன் என்று காசு கேட்பார்கள். இல்லாத புள்ளியை எங்கிருந்து கொண்டுவருவார்கள்? முகத்தை மெழுகு பொம்மை மாதிரி வழித்துத் தருவார்கள். வாப்பாவின் முகம் கட்டம் கட்டமாக இருந்தாலும் அவர் முகமாக இருக்கட்டும்.

ஹெட்போன் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள். பழைய ஏஎம்ஆர் குரல், போன் ஸ்பீக்கரைவிடக் காதுக்குள் தெளிவாகக் கேட்கும்.

கேள்வி: இ63-இல் யூடியூப் பார்க்க முடியுமா? வாட்ஸ்அப்? — ஒரு கல்லூரி மாணவர், ராமநாதபுரம்

பதில்: இரண்டும் முடியாது தம்பி. அந்த வகைப் போன்களுக்கு வாட்ஸ்அப் 2017 ஜூன் 30-உடன் நின்றுவிட்டது. யூடியூப் உள்பட இன்றைய இணையதளங்கள் பாதுகாப்புக்குப் போட்டிருக்கும் பூட்டு-சாவி முறை அந்தப் போனின் பிரௌசருக்குத் தெரியாது, கதவைத் தட்டும்போதே திருப்பி அனுப்பிவிடும். ஜியோ சிம்மும் அதில் எடுக்காது, அந்த நிறுவனம் 2ஜி, 3ஜி சேவையே வைத்ததில்லை. வேறு நிறுவனத்தின் 2ஜி இருந்தால் பேசலாம், அவ்வளவே. பட்டனும் வேண்டும், யூடியூபும் வேண்டும் என்றால் 2017-இல் வந்த ஜியோபோன் வகையைத் தேடலாம். திரையில் அதுவும் அதே 76,800 புள்ளிதான், நெட்டவாக்கில் இருக்கும். ஆனால் உள்ளே செயலி புதுசு என்பதால் வீடியோ விஷயத்தில் இ63 அளவுக்கு முரண்டு பிடிக்காது.

நானோ சிம்மை அடாப்டரில் வைத்துப் பழைய போனில் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வெறும் அடாப்டரைச் செருகி இழுத்தால் உள்ளே இருக்கும் ஊசி அதன் ஓட்டையில் மாட்டிக்கொண்டு பெயர்ந்துவிடும். சிம்மோடு சேர்த்து மட்டும் போடுங்கள், எடுங்கள்.

கேள்வி: இ63-க்கு 64 ஜிபி கார்டு வாங்கிப் போட்டேன். போன் "மெமரி கார்டு கெட்டுப்போயிருக்கிறது" என்கிறது. — ஒரு வாசகர், தேவிபட்டினம்

பதில்: கெட்டுப்போகவில்லை. 64 ஜிபி முதல் கார்டுகள் வேறு முறையில் பதிவாகி வருகின்றன, இந்தப் போனுக்கு அது படிக்கத் தெரியாது. 8 ஜிபி கார்டு வாங்குங்கள். நிமிஷத்துக்கு 3 எம்பி என்ற கணக்கில் நாற்பது மணி நேரத்துக்கு மேல் படம் கொள்ளும், அதற்குமேல் எதற்கு?

நடைபாதைக் கடையில் 32 ஜிபி என்று நூறு ரூபாய்க்கு ஒரு கார்டு நானே வாங்கி ஏமாந்திருக்கிறேன், இத்தனை வருஷம் இதே தொழிலில் இருந்தும். கம்ப்யூட்டரும் 32 என்றுதான் காட்டியது. நாலு ஜிபி தாண்டியதும் புதுசாகப் போடுவது எல்லாம் பழையதின் மேலேயே விழுந்துகொண்டிருந்தது. பேரன் பிறந்தநாள் படம் போன பிறகுதான் தெரிந்தது. வாங்கியதும் கார்டை நிறைய நிரப்பி, கடைசியில் போட்ட ஃபைலும் முதலில் போட்டதும் ஓடுகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: இ63 மூடி சரியாக உட்காரவில்லை, நடுவில் தூக்கிக்கொண்டு நிற்கிறது. — ஒரு வாசகி, மண்டபம்

பதில்: பேட்டரி உப்பியிருக்கிறது. கழற்றி மேஜையில் வைத்துச் சுண்டுங்கள். பம்பரம் மாதிரி சுற்றினால் சந்தேகமே இல்லை. அதன் பிறகு சார்ஜ் போடக் கூடாது, குத்திக் காற்றை எடுக்கிறேன் என்று யாரையும் விடவும் கூடாது, தீப்பிடிக்கும். பிபி-4எல் என்று கேட்டு வாங்குங்கள். இ71, இ72-க்கும் இதே பேட்டரிதான், அதனால் கிடைப்பது கஷ்டமில்லை.

கேள்வி: வீடியோ எல்லாம் எனக்கு வேண்டாம். இதில் ரேடியோ ஏன் எடுக்க மாட்டேங்குது? — ஒரு மீனவர், பாம்பன்

பதில்: ஹெட்போன் ஒயர்தான் அந்தப் போனுக்கு ஆன்டெனா, அது இல்லாமல் எடுக்காது. இ63-இல் சாதாரண 3.5 மில்லிமீட்டர் துளை என்பதால் எந்த ஹெட்போனும் பொருந்தும். செருகிவிட்டு 90.4 வையுங்கள், 2016-இலிருந்து உங்கள் ஊரிலிருந்தே பேசும் கடல் ஓசை வானொலி வரும். ராத்திரியில் இலங்கைத் தமிழ் நிலையங்களும் கேட்கும், அதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காதில் மாட்ட வேண்டாம் என்றால் ரேடியோ மெனுவில் ஸ்பீக்கருக்கு மாற்றிக்கொள்ளலாம். ஹெட்போனில் இரண்டு காதும் போயிருந்தாலும் எறிந்துவிடாதீர்கள், ஒயர் முழுசாக இருந்தால் போதும்.